பன்னிரண்டு வாரத்தில் தெரியாதது

ஹெபடைடிஸ் சி மாத்திரைகள் உயிரைக் காப்பதற்குச் சான்றில்லை என்று 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வைக் காட்டி, "அப்புறம் எதுக்கு மருந்து?" என்று கேட்கிறார்கள். முழுசாப் படித்தேன். 138 சோதனைகள், 25,000 பேருக்கு மேல். கணக்கில் குறையில்லை, காலத்தில்தான் குறை.

இந்த வைரஸ் கல்லீரலைக் கெடுக்க 20, 30 வருஷம் ஆகும். சோதனைகளோ பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்தவை. மாசக்கணக்கில் ஓடினால்தான் தெரியும் மெமரி லீக்கை, பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மாதிரிதான். பலனை உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியவில்லை என்றுதான் ஆய்வும் சொல்கிறது. அதை 'பலனில்லை' என்று படிப்பது நம் தப்பு.

ரத்தத்தில் வைரஸ் மறைவது மட்டும் போதாது என்ற அதன் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் 2019-ல் லான்செட்டில் வந்த பிரெஞ்சு ஆய்வு சுமார் 10,000 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மற்ற காரணிகளைக் கழித்த பிறகும், மருந்து எடுத்தவர்களிடம் மரண அபாயம் ஏறக்குறைய பாதிதான். குலுக்கல் முறைச் சோதனை இல்லை, சரி. எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறதே.

ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் அடுத்து ஆர்என்ஏ டெஸ்ட் எடுங்க. சிலருக்கு வைரஸ் தானாகவே போயிருக்கும். போகலைன்னா, ஒரு ஆய்வுச் சுருக்கத்தை நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீங்க.