மாயவனமும் மாத்தளைப் பாதையும்

அச்சமூட்டும் மாயவனத்தினுள்ளே மனிதர் புகுந்து அல்லற்படும் கதை பல சமுதாயங்களுக்கும் பொதுவானது. ஆயின், காட்டினுள் யார் புகுகின்றனர், எதன்பொருட்டுப் புகுகின்றனர் என்னும் வினாக்களை எழுப்பும்பொழுது அப்பொதுமை கலைந்துவிடுகின்றது. இன்று உலகெங்கும் பரவியுள்ள பாத்திரமேற்பு விளையாட்டினையும், மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்டுவரும் கூத்துக்களையும் ஒப்புநோக்கி, இவ்விரண்டிலும் வரும் காடு ஒன்றன்று எனக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1974 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. ஒருவர் நடுவராயிருந்து கதையை நடத்த, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்றுப் பகடையுருட்டி ஆடுவர். அறியப்படாத காட்டினைக் கட்டங்கட்டமாக ஆராய்ந்து செல்வது அவ்வாட்டத்தின் முக்கிய கூறாகும். அதன் தொடக்க விதிகளை நோக்குமிடத்து இரண்டு அம்சங்கள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, கவர்ந்துவந்த பொன்னின் பெறுமதி பாத்திரத்தின் அனுபவப் புள்ளியாகக் கணிக்கப்பட்டமை. மற்றையது, உயர்நிலை எய்திய வீரன் காட்டுப்பகுதியொன்றிலுள்ள கொடிய உயிர்களை அகற்றிக் கோட்டை கட்டி, அங்கு குடியேறுவோரிடம் வரி பெறலாம் என்றமை. பிற்காலப் பதிப்புக்களில் விதிகள் பல மாறின. எனினும் தேடுதல், கொல்லுதல், திரட்டுதல், வளர்தல் என்னும் அடிப்படை அமைப்புக் கணினி விளையாட்டுக்களுக்கும் கைபேசி விளையாட்டுக்களுக்கும் முதுசொமாகியுள்ளது.

மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை அறிந்தோருக்கு இவ்விதிகள் புதுமையாகத் தோன்றா. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் அரசுக்குரியனவாகக் கொண்டது. கண்டிய விவசாயிக்குச் சேனையும் மேய்ச்சலும் விறகும் தந்த காடு, ஆவணத்திலே ஆளற்ற வெற்றிடமாயிற்று; பின்னர் கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டது. 1848 இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகளே உடனடிக் காரணமாயினும், காணியிழப்பின் கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது. விளையாட்டின் வரைபடம் காட்டை வெற்றிடமாகக் காண்பதும், அங்கு ஏலவே வாழ்வோரை அகற்றப்படவேண்டிய கொடியோராகக் காண்பதும் தற்செயலானவையல்ல. அவை குடியேற்றவாதத்தின் கருத்துநிலை சார்ந்தவை.

அதே காட்டினைத் தென்னிந்தியத் தொழிலாளர் வேறொரு நிலையில் நின்று கண்டனர். மன்னார்க் கரையில் இறங்கியோர் மதவாச்சி, தம்புள்ள, நாலந்த வழியாக மாத்தளையை நோக்கி நடந்தனர். இன்று ஏ-9 வீதியிலே மாத்தளைக்கு வடக்கே உள்ள பலாபத்வல, அந்நெடும் பாதையின் இறுதிக் கட்டத்தில் அமைந்ததாகும். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே பலர் மாண்டனர். இவர்களைக் காடு கொன்றது என்பது அரையுண்மையேயாம். முற்பணக் கடனாற் பிணித்த கங்காணி முறையும், வழியிலே தங்குமிடத்துக்கும் மருத்துவத்துக்கும் போதிய செலவு செய்யாது உழைப்பை மட்டும் வேண்டிநின்ற தோட்ட மூலதனமுமே காட்டினைக் கொலைக்களமாக்கின.

இம்மக்கள் தம்முடன் கொணர்ந்து தோட்டங்களிற் பேணிய கூத்துக்களுள் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியன குறிப்பிடத்தக்கன. இரண்டிலும் காடும் பன்றியும் இடம்பெறுகின்றன. பொன்னர் சங்கரில் வரும் வீரமலைக் காட்டிலிருந்து வீரர் பொருள் திரட்டி மீள்வதில்லை, காட்டிலேயே மடிகின்றனர். அவர்களுடைய தங்கையான தங்காள் அழுதவாறு காடெங்கும் தேடி அலைந்து, மாண்ட தமையன்மாரைச் சிறிது பொழுதுக்கேனும் எழுப்புகின்றாள். இக்கதை மலையகத்திற் பிறந்ததன்று. கொங்கு நாட்டிலிருந்து வந்தது. ஆயினும், வழியோரத்தில் உறவினரை விட்டுவந்த மக்களிடையே அது நிலைபெற்றமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம் எனக் கொள்வது பொருந்தும்.

அதே வேளையில் இக்கூத்தினை மிகைப்படப் போற்றுவதும் தவறாகும். பொன்னர் சங்கர் உழுகுடி நிலவுடைமையாளரின் கதை. அதிலே காட்டு வேட்டுவர் பகைவராகவே தோன்றுகின்றனர். நிலமற்ற தொழிலாளர் நிலவுடைமையாளரின் வீரத்தைத் தமதாக்கி ஆடிய முரண்பாட்டினை ஆய்வாளர் மறைத்தலாகாது.

தொன்மம் இயற்கையைக் கற்பனையில் வெல்கின்றது என்றும், இயற்கை மெய்யாகவே வெல்லப்படும்பொழுது தொன்மம் மறையும் என்றும் மார்க்ஸ் கருதினார். காடுகள் வெட்டப்பட்டு வீதிகள் அமைந்த பின்னரும் மாயவனம் பண்டமாகப் பெருகிவருவது ஏன்? மனிதர் இயற்கையை ஓரளவு வென்றபோதிலும் தமது உழைப்பின்மீது ஆளுகை பெறவில்லை என்பதே இதற்கான விடையின் ஒரு பகுதி. செய்த முயற்சிக்கு உரிய பலன் உடனே கணக்கில் ஏறுவதை விளையாட்டு காட்டுகின்றது. கூலியுழைப்பு அதனைத் தருவதில்லை. எனவே கைபேசியில் மாயவனம் தேடும் தோட்டத்து இளைஞரை வெறும் பொழுதுபோக்கினர் என இகழ்வது, முன்னர் நம்முள் சிலர் கூத்தினை மூடநம்பிக்கை என ஒதுக்கியமை போன்றதொரு தவறேயாகும். அவர்களின் ஏக்கம் உண்மையானது. ஆயின் விளையாட்டு அதனை நிலம் கவரும் வீரனின் கண்ணோட்டத்தினுள் அடக்கிவிடுகின்றது.

2023 ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனி இடம்பெற்றது. அதனை நிகழ்த்தியோர் புதையல் தேடிச் செல்லவில்லை. மூதாதையர் நடந்த வழியை நினைவுகூர்ந்து, காணியுரிமை முதலிய கோரிக்கைகளை முன்வைத்தே நடந்தனர். லயங்களில் வாழ்வோருட் பெரும்பாலாருக்கு இன்றும் தாம் வாழும் நிலத்துக்கு உறுதியில்லை. கூத்தின் காட்டையும் விளையாட்டின் காட்டையும் பற்றிய ஆய்வு இவ்வுண்மையிலிருந்தே தொடங்கவேண்டும். பாதையோர ஊர்களிலும் தோட்டங்களிலும் இன்னும் வழங்கும் வாய்மொழிக் கதைகளைத் தொகுப்பது அதற்கான முதற்பணியாகும்.