கடைசிச் சொட்டு

பிளஸ் டூ ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்த விரல்களுக்கு பியூரெட்டின் திருகு இன்னும் நினைவிருக்கும். கூம்புக் குடுவையில் 20 மில்லி ஆக்சாலிக் அமிலம், கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம், கை பொறுக்காத சூடு. மேலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட் சொட்டும். முதல் சொட்டின் நிறம் போகத் தயங்கும். அடுத்தடுத்தவை விழுந்ததுமே மறையும். இடக்கை திருகை இறுக்க, வலக்கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்.

திடீரென ஒரு சொட்டு, மெல்லிய ரோஜா நிறமாய்ப் பரவி அரை நிமிடம் கலையாமல் நிற்கும். கை அங்கேயே நிற்க வேண்டும். கரைசல் அடர்நிறம் என்பதால் மேல்விளிம்பைப் பார்த்து அளவு குறிப்போம். இரண்டாம் முறையும் அதே எண் வந்தால் மனசு நிறையும். பிறகு ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், நார்மாலிட்டி வந்துவிடும். பாதிக் கணக்கை விரல்கள் ஏற்கெனவே போட்டு முடித்திருக்கும்.