நேத்து ராத்திரி மழை பேஞ்சிருக்கு

என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் ஒரு நீல அட்டைப் புத்தகம் இருக்கும். ரேமண்ட் மர்பியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’. 1985-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது; 2019-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. என்னிடம் இருப்பது ஃபோட்டோஸ்டாட் பிரதி. மூயெட் தேர்வுக்குப் படித்த காலத்தில் சுருள் பைண்டிங் போட்டு வாங்கியது. அட்டையும் கறுப்பு வெள்ளையில் வந்ததால் அது நீலம் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

இலக்கிய இதழில் இதுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நேர்மையாகச் சொன்னால், நான் அதிகத் தடவை புரட்டிய புத்தகம் இதுதான். ஒரு நாவலை ஒரு தடவை படிப்பேன், பிடித்தால் இரண்டு தடவை. இதை வருடக்கணக்கில் படித்திருக்கிறேன். அப்படிப் படித்த புத்தகம் கையில் தடம் விடாமல் போகாது. என் தமிழிலும் விட்டிருக்கிறது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. ஒரு விஷயம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஐந்தாம் பதிப்பில் இப்படி 145 பாடங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை; எங்கே உதைக்கிறதோ அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும். நல்ல மெஷின் மேனுவல் இப்படித்தான் இருக்கும். கலைச்சொல்லைத் தலையில் கொட்டாமல், ஒன்று போலத் தெரியும் இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை நம்மையே பார்க்க வைக்கிறார். பள்ளியில் நான் வினையெச்சம், பெயரெச்சம் என்று மனப்பாடம் செய்தேன். அதை எப்போது, எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மர்பி கேட்கிறார். வினையின் காலம் என்பது கடிகாரம் இல்லை, பேசுகிறவன் எங்கே நின்று பார்க்கிறான் என்பது என்று எனக்குப் புரிய வைத்தது அவர்தான்.

ஆனால் அவர் பதில் சொல்லாத இடம் ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் இமெயில் எழுதினேன்: ‘ஐ ஹேவ் சென்ட் த டிராயிங் யெஸ்டர்டே.’ மேலாளர் ‘ஹேவ்’வைச் சிவப்பில் அடித்து, எல்லாருக்கும் போகிற மாதிரி பதில் அனுப்பினார். அன்று ராத்திரி மர்பியைத் திறந்தேன். விதி தெளிவாகத்தான் இருந்தது. ‘நேற்று’ மாதிரி முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘ஹேவ்’ வரக்கூடாது. அந்தப் பயிற்சிகளை எல்லாம் நான் பென்சிலில் செய்து, சரி என்று டிக்கும் போட்டிருந்தேன். அப்புறம் ஏன் கை அப்படி எழுதியது?

பதில் ரொம்ப நாள் கழித்து அம்மாவிடமிருந்து வந்தது. காலையில் வாசல் கதவைத் திறந்து, ஈரமாகக் கிடந்த சிமெண்டுத் தரையைப் பார்த்து அம்மா சொன்னார்: “நேத்து ராத்திரி மழை பேஞ்சிருக்கு.”

அம்மா மழையைப் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார். பார்த்தது தடயத்தை. தமிழில் ‘நேத்து’வும் ‘இருக்கு’வும் ஒரே வாக்கியத்தில் சண்டை போடாமல் உட்காரும். ‘நேத்து மழை பேஞ்சுது’ என்றால் பொதுவாக மழையை நேரே கண்டவன் பேசுகிறான். ‘பேஞ்சிருக்கு’ என்றால் ஈரத்தைப் பார்த்தவன். ‘பேஞ்சுச்சாம்’ என்றால் பிறர் சொல்லிக் கேட்டவன். ஒரு மழைக்கு மூன்று சாட்சி. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘மஸ்ட் ஹேவ்’, ‘அப்பேரன்ட்லி’ என்று வேறு சொற்களைத் தேடிப் போக வேண்டும்.

என் இமெயிலுக்கும் அதே கதைதான். நான் எழுத நினைத்தது, ‘நேத்தே அனுப்பியிருக்கேன் சார், மெயில்ல இருக்கு பாருங்க.’ அனுப்பியது நேற்று, தடயம் இன்று. ஆங்கிலத்தில் அது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றும் தெரியாமல் செய்த தப்பில்லை. தமிழின் ஒரு நுட்பமான விதியைச் சரியாகக் கடைப்பிடித்ததால் வந்த தப்பு.

மர்பிக்கு இது தெரிய வழியில்லை. பினாங்கில் இருப்பவனுக்கும் பிரேசிலில் இருப்பவனுக்கும் ஒரே புத்தகம். அதனால் வாசகனுக்குத் தாய்மொழியே இல்லை என்கிற மாதிரிதான் எழுத முடியும். பின்னால் இருக்கும் விடைப்பகுதி சரியான விடையைச் சொல்லும். என் தப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அவரை இதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை. நூறு மொழிக்கு நூறு விளக்கம் எழுதினால் அது இரண்டு பக்கப் பாடமாகவும் இருக்காது. ஆனால் அந்த மூன்றாவது பக்கம் காலியாக இருக்கிறது என்பதையாவது நாம் கவனிக்கலாம்.

‘ஏ’, ‘த’ பற்றி ஏறக்குறைய பத்துப் பாடம் இருக்கிறது. தமிழில் இதெல்லாம் கிடையாதே என்று நொந்துகொண்டேதான் படித்தேன். கிடையாதா? ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒன்று. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் பேசிய அந்தப் புத்தகம். ‘த’ செய்கிற வேலையில் பாதியை நம் ‘ஐ’ சத்தமில்லாமல் செய்கிறது. இனிமேல் நடக்கப்போவதைச் சொல்லும் ‘இஃப்’ வாக்கியத்தில் ‘வொன்’ என்று இறந்தகாலம் வருவதைப் பார்த்து மிரண்டிருக்கிறேன். நாளைக்கு வரப்போகிறவனைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? ‘வந்தால்’. அதில் இருப்பது ‘வந்து’, ‘வந்தான்’ என்பதில் இருக்கும் அதே இறந்தகால அடி. ‘போனால்’ என்கிறோம், ‘போவால்’ என்று யாரும் சொல்வதில்லை.

நம்ம ஊர் ‘ஈட் ஆல்ரெடி’யும் இப்படித்தான். ‘சுடா மாக்கான்’, ‘சாப்பிட்டாச்சு’, ‘ஈட் ஆல்ரெடி’ மூன்றும் ஒரே வார்ப்பு. மர்பியிடம் ‘ஆல்ரெடி’ என்பது ‘ஹேவ்’வுக்குத் துணையாக வரும் சொல். நம்மிடம் ‘ஹேவ்’வின் வேலையையே அது எடுத்துக்கொண்டது. மாமாக் கடையில் அதைத் திருத்துகிறவனோடு நான் டீ குடிக்க மாட்டேன்.

இதுவரை சொன்னது தமிழ் நம் ஆங்கிலத்துக்குள் நுழைந்த கதை. என்னை உறுத்துவது இதன் எதிர்த்திசை. மர்பியின் முதல் பாடமே ‘இங்’ வரும் நிகழ்காலம். ‘இங்’ என்றால் ‘கொண்டிரு’ என்று ஒரு சமன்பாடு போட்டு வைத்துக்கொண்டோம். அது இப்போது நம் சிறுகதைகளில் ஓடுகிறது. ‘அவள் நீலப் புடவை அணிந்துகொண்டிருந்தாள்.’ கதாநாயகன் அந்த நேரத்தில் அறைக்குள் நுழைகிறான். தமிழ் தெரிந்தவனாக இருந்தால் பதறிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வெளியே வர வேண்டும். எழுதியவர் நினைத்தது ‘வாஸ் வேரிங்’. தமிழில் அது ‘புடவை கட்டியிருந்தாள்’. தாத்தா ‘நாற்காலியில் அமர்ந்துகொண்டிருந்தார்’ என்று வாசிக்கும்போது, இவ்வளவு மெதுவாகவா உட்காருகிறார் என்று தோன்றும். ‘உட்கார்ந்திருந்தார்’ என்றால் முடிந்தது. ‘பேசிக்கொண்டிருந்தார்கள்’ அழகான தமிழ்தான். நடந்துகொண்டே இருக்கும் செயலுக்கு அது வேண்டும். நடந்து முடிந்து நிலைத்துவிட்டதற்கு ‘இரு’ மட்டும் போதும். இந்த வேறுபாட்டை இழந்தால் நாம் இழப்பது விதி ஒன்றை மட்டும் அல்ல. அம்மா வாசலில் நின்று பார்த்தாரே, அந்தப் பார்வையையும்தான்.

‘அவர் ஒரு ஆசிரியர்’, ‘அது ஒரு மாலை நேரம்’ என்று எல்லாப் பெயருக்கும் முன்னால் வந்து நிற்கும் ‘ஒரு’வும் ‘ஏ’வின் நிழல். கதவு தானாகத் திறந்தாலும் ‘திறக்கப்பட்டது’ என்று எழுதுகிறோம்.

ஆங்கிலத்தின் தாக்கம் என்றவுடன் நம் பட்டறைகளில் கடன்சொல் வேட்டை தொடங்கிவிடுகிறது. பஸ் கூடாது, லோரி கூடாது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ‘பஸ்ல ஏறி உட்கார்ந்தான்’ தமிழ் வாக்கியம். ‘அவன் ஒரு பேருந்தில் அமர்ந்துகொண்டிருந்தான்’ தூய சொற்களால் எழுதப்பட்ட ஆங்கில வாக்கியம். முதலாவதைத் திருத்துகிறோம், இரண்டாவதைப் பாராட்டுகிறோம்.

பாராட்டப்பட்டவர்களில் நானும் ஒருவன். பிரசுரமான என் முதல் கதையைப் போன மாதம் எடுத்துத் தேடிப் பார்த்தேன். ‘கொண்டிருந்’ என்பது 17 இடத்தில் வந்தது. வாய்விட்டுப் படித்து அடித்தபோது 5 மட்டும் நின்றது. அந்தக் கதையில் வரும் அத்தை, அவர் பேசும் வசனங்களில் ஓர் இடத்தில்கூட இந்தத் தப்பைச் செய்யவில்லை. செய்ததெல்லாம் கதைசொல்லி, அதாவது டிகிரி வாங்கிய நான்.

ஃபோட்டோஸ்டாட் பிரதியின் ஓரங்களில் இப்போது தமிழ் எழுதி வருகிறேன். ‘ஹேவ்’ பாடத்தின் பக்கத்தில் அம்மாவின் மழை இருக்கிறது. ‘இஃப்’ பக்கத்தில் ‘வந்தால், போனால்’. ‘பேஞ்சுச்சாம்’ என்பதை எழுத மட்டும் பொருத்தமான பாடம் கிடைக்கவில்லை. பின்னட்டையின் உள்பக்கம் காலியாக இருந்தது, அங்கே எழுதியிருக்கிறேன்.