வெட்டி இழைத்த காரை ரசிப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முட்டுக்காட்டில் சாலையோரம் நின்றால் சென்னையின் கார் மோகம் முழுவதும் கண்ணெதிரே ஓடும். வண்ணத்தாள் ஒட்டிய ஜெர்மன் கார்கள், சைலன்சரை மாற்றி உறுமும் சின்னக் கார்கள், கூட்டம் கூட்டமாக பைக்குகள். எப்போதாவது பழங்கார்ப் பிரியர்களின் அணிவகுப்பு ஒன்று மாமல்லபுரம் பக்கமாகவோ புதுச்சேரிப் பக்கமாகவோ போகும். அதில் 1940களின் பிளைமவுத், டிசோட்டோ, செவர்லே ஏதாவது இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அந்தத் தலைமுறைக் கார்களை வைத்துத்தான் அமெரிக்க இளைஞர்கள் ஒரு தனிக் கலையையே உருவாக்கினார்கள்.

1942 பிப்ரவரியில் போருக்காக அமெரிக்காவில் தனியார் கார் உற்பத்தி நின்றது. போர் முடிந்தபோது புதுக் கார் கிடைப்பது அரிது. ஓடித் தேய்ந்த பழைய கார்களோ கைக்கு எட்டின. விமானத் தொழிற்சாலைகளிலும் ராணுவத்திலும் வெல்டிங், தகர வேலை கற்றவர்கள் கலிபோர்னியாவில் ஏராளம். மலிவான தகரமும் தேர்ந்த கைகளும் ஒரே ஊரில் கூடிய பிறகு, தொழிற்சாலை கொடுத்த வடிவத்தோடு யார் நிற்பார்கள்? வேகத்துக்காக வண்டியை இளைக்க வைத்தவர்கள் ஹாட் ராட் கூட்டம். அழகுக்காக வெட்டியவர்கள் கஸ்டம் கூட்டம். 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழ் பிறந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் இந்தக் கலையின் பொற்காலம்.

கஸ்டம் காரைப் பார்க்கும்போது முதலில் வண்ணத்தில் மயங்கக் கூடாது. பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று, பானட்டிலிருந்து டிக்கி வரை ஓடும் கோட்டைக் கண்ணால் தொடர வேண்டும். கோடு எங்கும் முறியாமல் வழிந்தால் செய்தவர் கைகாரர். அடுத்து, என்னென்ன இல்லை என்று தேட வேண்டும். கதவுக் கைப்பிடி இருக்காது. கம்பெனிப் பெயரும் பானட் சின்னமும் இருக்காது. பம்பரை மாட்டும் போல்ட்டுகூடத் தெரியாது. தொழிற்சாலை தன் வசதிக்காக விட்ட மூட்டுகளையும் தையல்களையும் ஒவ்வொன்றாக மறைப்பதுதான் இந்தக் கலையின் பாதி.

மறு பாதி கூரை. தூண்களைக் குறுக்கே அறுத்து, சில அங்குலம் எடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி வெல்டு வைப்பார்கள். சொல்ல எளிது. தூண்கள் சாய்வாக நிற்பதால், அறுத்த பின் மேல்பாதி கீழ்பாதியோடு நேராக உட்காராது. கண்ணாடியையும் அதற்கேற்ப வெட்ட வேண்டும். வெல்டு வைத்த தழும்பை மூட அன்று பட்டி கிடையாது, உருக்கிய ஈயம்தான். தகரத்தைச் சூடாக்கி, ஈயக் கலவையை இளக்கி, மரக்கரண்டியால் தேய்த்துப் பரப்பி, ஆறியதும் அரம் போட்டு இழைப்பார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரின் சூட்டுக் கணக்கேதான் இதற்கும்: கொஞ்சம் கூடினால் வழிந்துவிடும், குறைந்தால் ஒட்டாது. நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் சுத்தியலும் தாங்குகட்டையுமாக நசுங்கிய கதவை நிமிர்த்துபவரைக் கொஞ்ச நேரம் பார்த்தவர்களுக்கு, கூரை இறக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தானே புரியும்.

இந்தக் கலைக்கு ஒரே ஒரு காரைச் சான்றாகக் காட்டச் சொன்னால் ஹிரோஹாட்டா மெர்க்கைத்தான் காட்ட வேண்டும். பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞர் தம் 1951 மெர்குரியை சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் விட்டார். 1952இல் வேலை முடிந்தது. கூரையை முன்னால் நான்கு அங்குலமும் பின்னால் ஏழு அங்குலமும் இறக்கியிருந்தார்கள். அந்த மூன்று அங்குல வித்தியாசத்தில்தான் கூரை பின்பக்கம் வழிந்து இறங்குகிறது. சமமாக வெட்டியிருந்தால் பெட்டிபோல இருந்திருக்கும். கதவுக் கண்ணாடிக்கும் அதன் பின்னாலுள்ள பக்கக் கண்ணாடிக்கும் நடுவே நிற்க வேண்டிய தூணையே எடுத்துவிட்டார்கள். பக்கவாட்டு குரோம் பட்டை பியூக்கிலிருந்து வந்தது, பின்விளக்கு லிங்கனிலிருந்து. வண்ணம் இரு சாயல் பச்சை. வெவ்வேறு கார்களின் உறுப்புகள் இருந்தும், பிறந்ததே இப்படித்தான் என்று தோன்றும். 1959இல் ஜிம் மெக்நீல் என்ற பள்ளி மாணவர் ஐந்நூறு டாலருக்கு அதை வாங்கி வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, 2022இல் ஏலத்தில் சுமார் இருபது லட்சம் டாலருக்கு விலைபோனது.

ஜார்ஜ் பாரிஸை வேறு வழியில் நம் வீடுகளும் அறியும். 1966இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் கறுப்புக் கார் அவர் பட்டறையில் உருவானதுதான். இத்தாலியின் கியா நிறுவனம் 1955இல் கட்டிய லிங்கன் ஃபியூச்சுரா என்ற கண்காட்சிக் காரை மாற்றிச் செய்தது. ஆனால் ரசனைக் கணக்கில் மெர்குரிக்கே முதலிடம். பேட்மேன் கார் எடுத்த எடுப்பில் தன்னைக் காட்டிக்கொள்ளும். மெர்குரியின் அழகு பார்க்கப் பார்க்கத்தான் பிடிபடும்.

நம் ஊர் அணிவகுப்பில் டிசோட்டோ வந்தால் முகத்தைக் கவனியுங்கள். வரிசையாகப் பல் தெரிவது போன்ற கனத்த குரோம் கிரில். கலிபோர்னியாக்காரர்கள் அதைக் கழற்றி மெர்குரிக்கும் செவர்லேக்கும் மாட்டினார்கள். டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பூட்டி விற்றது. கலிபோர்னியாக்காரர்கள் கழற்றிச் சேர்த்த உறுப்பை நாம் முழுக் காரோடு பார்க்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

தமிழ்நாட்டில் கூரை இறக்கும் மோகம் வேரூன்றவில்லை. ஆனால் ஹாட் ராட் கூட்டத்தின் நேர் உறவு இங்கே இருந்தது. 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் விமானத்தளத்து ஓடுபாதை ஒன்று பந்தயத்தளமானது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கி, உலகப்போர்க் காலத்துச் சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் நடத்தியது. அங்கே மலிவான பழங்கார்கள் கைகளுக்கு வேலை கொடுத்தன. இங்கே இறக்குமதித் தடை கொடுத்தது. கிடைத்ததெல்லாம் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முட்டுக்காட்டுக்காரர்கள் கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் போனால் ஹெரால்டு பிறந்த பெருங்களத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஹெரால்டுக்குச் சேசிஸ் தனி, மேல்கட்டு தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் மேல்கட்டைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைக்கலாம். தனிவண்டி கட்ட நினைப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

அந்தப் பரம்பரையின் பெரிய பெயர் கோவை கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தவர். சோழவரத்தில் ஓட்டியதோடு நிற்காமல், 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். பால் வாங்கப் போகும் காரின் எஞ்சினில் ஒரு தலைமுறை பந்தயம் பழகியது. நரேன் கார்த்திகேயன் அந்தக் கார்கள் ஓடிய ஃபார்முலா மாருதி பந்தயத்தில் தொடங்கி, 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையம் பந்தயத்தளம் அவர் பெயரில் இருக்கிறது. பாரிஸ் சகோதரர்களுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கு கரிவர்தனுக்குக் கிடைத்திருந்தாலும் நியாயமாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் அந்த அலை ஏன் தணிந்தது? டெட்ராய்ட் கார் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1964இல் பான்டியாக் ஜிடிஓ வந்த பிறகு, வேகமான காரைத் தவணையிலேயே வாங்க முடிந்தது. அரத்தோடு மாதக்கணக்கில் போராடப் பலருக்கு அவசியம் இல்லாமல் போனது.

இந்தியாவில் தடை சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொதுச்சாலையில் பாதுகாப்பு முக்கியம், மறுப்பதற்கில்லை. அதனால் இங்கே கைத்திறன் பழங்காரை மீட்டெடுப்பதில் போய்ச் சேர்ந்திருக்கிறது. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜி.டி. கார் அருங்காட்சியகத்திலும், சென்னை வடபழனியில் 2023இல் திறந்த ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் கார்களை அருகில் நின்று பார்க்கலாம். அங்கே போகும்போது செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கதவின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா, மட்கார்டு வளைவில் விழும் வெளிச்சம் நெளியாமல் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். பக்கத்தில் பராமரிப்பாளர் இருந்தால், அந்தத் தகர வேலையைச் செய்தவர் யார் என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.