அஷ்ரஃப்: தீராத கணக்கு

முஸ்லிம் அரசியல் என்று பேச்செடுத்தால் லாச்சப்பல் தேத்தண்ணிக் கடைகளில் உடனே விழுகிற சொல் 'தொப்பிபிரட்டி'. அதற்கு மேல் பேச்சு நகராது. எம்.எச்.எம். அஷ்ரஃப் 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்க மலையில் ஹெலிகொப்டர் விழுந்து இறந்துபோனார். அவரையும் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் புதைத்துவிட்டு நாங்கள் எழும்பிப் போய்விட்டோம்.

1977இல் கூட்டணி மேடைகளில் தமிழீழத்துக்காகப் பேசியவர் அவர். அண்ணன் அமிர்தலிங்கம் விட்டாலும் தம்பி அஷ்ரஃப் ஈழம் எடுத்துத் தருவான் என்று முழங்கியதாகக் கிழக்கில் இன்னும் சொல்வார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கிற நம்மவர்கள் அந்தத் தம்பி ஏன் மேடையை விட்டு இறங்கினான் என்று கேட்பதில்லை. எல்லாம் புலிகளால் என்று முடிப்பதும் சுலபமான பதில்தான். முஸ்லிம் காங்கிரஸ் 1981இலேயே காத்தான்குடியில் தோன்றிவிட்டது. 1985இல் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஆனால் 1990 ஆகஸ்ட் 3இல் அதே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்ற பிறகு, அந்த மக்களுக்குத் தனிக்கட்சி எதற்கு என்று கேட்கும் யோக்கியதை எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

அவருடைய சாதனைகள் சின்னவையல்ல. பாராளுமன்ற ஆசனத்துக்கான வெட்டுப்புள்ளி 1988இல் பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்து வீதமாக இறங்கியதில் அவருடைய பேரம் இருந்தது; அதன் பலன் எல்லாச் சிறுகட்சிகளுக்கும் கிடைத்தது. ஒலுவில் பல்கலைக்கழகமும் அவர் பெயர் சொல்லும். எனக்கு ஒவ்வாதது வேறு. குர்ஆனும் ஹதீஸுமே கட்சியின் யாப்பு என்றார்கள். அப்படியானால் கட்சியை விமர்சிப்பவன் யார்? பாவியா? வாக்குச்சீட்டைத் தொழுகைப்பாயில் வைத்தால் கேள்வி செத்துவிடும். (எங்கள் பக்கத்தில் கடவுள் இல்லாமலே இதைச் செய்தோம். பாவிக்குப் பதில் துரோகி, அவ்வளவுதான்.)

1994இல் சந்திரிகா அரசுக்கு 113 ஆசனம், மயிரிழைப் பெரும்பான்மை. அதில் ஏழு முஸ்லிம் காங்கிரஸுடையவை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணிநேர அவகாசத்தில் புலிகள் துரத்தியது 1990 ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே திகதியில், வலிகாமத் தமிழர் மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்தார்கள். எங்களைப் பெயர்த்த யுத்தத்தை நடத்திய அமைச்சரவையில் புனர்வாழ்வு அமைச்சர் அஷ்ரஃப். அவர் விலகவில்லை. விரட்டப்பட்டவர்களின் தலைவர், இன்னொரு கூட்டம் பெயர்க்கப்பட்டபோது நாற்காலியில் இருந்தார். இதை அவருடைய ஆதரவாளர்கள் எழுதுவது அபூர்வம்.

'நான் எனும் நீ' 1999இல் வந்த அவருடைய கவிதைத் தொகுதி. பல இடங்களில் மேடைக்குரலே கேட்கிறது. வரி இறுகுவதற்கு முன்னரே கைதட்டலுக்குக் காத்திருக்கிறது. 'போராளிகளே புறப்படுங்கள்' என்ற கவிதையை அவர் மரணத்தின் பின்பு தீர்க்கதரிசனமாகப் படித்தார்கள். புறப்பட்டவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஹக்கீம், பேரியல், அதாவுல்லா, ரிஷாத் என்று கட்சி பிளந்தது. அவர் படம் மட்டும் எல்லோருடைய போஸ்டரிலும் இருந்தது. என்றாலும் அமைச்சராக இருந்துகொண்டு தமிழில் கவிதைத் தொகுதி போட்ட மனிதரைத் தமிழுக்கு வெளியே தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதை எழுதுகிற நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். ரியூசனுக்குப் போகும் வழியில் சோனகதெருவில் கூரையில்லாத வீடுகள் நின்றன. ஓடுகளையும் கதவுநிலைகளையும் கழற்றியது ஆமி மட்டுமல்ல. எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில், மற்ற யன்னல்களோடு சேராத ஒரு யன்னல் இருந்தது. அது எங்கிருந்து வந்ததென்று அப்பாவை நான் கேட்டதேயில்லை.