தேடல் எளிதாயிற்று, தேர்வு அப்படியே இருக்கிறது
ஜப்பானிய–ஆங்கில மின்னகராதிகளின் புதிய வசதிகள்: ஒரு மதிப்பீடு

ஜப்பானிய மொழியில் தெரியாத சொல்லை அகராதியில் தேடுவதற்கே தனிப் பயிற்சி வேண்டியிருந்த காலம் உண்டு. கான்ஜி எனப்படும் சீனவழி எழுத்தைக் கண்டால் அதன் ஒலிப்புத் தெரியாது. ஒலிப்புத் தெரியாதவருக்கு அகரவரிசை உதவாது. 1716இல் சீனத்தில் வெளியான காங்ஷி அகராதி பின்பற்றிய 214 அடிப்படைக் கூறுகளில் அந்த எழுத்து எதன்கீழ் வரும் என்று ஊகித்து, கோடுகளை எண்ணிப் பக்கம் புரட்ட வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கமும் ஜப்பானியத்தில் இல்லை. எனவே தேட வேண்டிய சொல் எங்கே முடிகிறது என்பதே முதல் சிக்கல். மின்னகராதிகளில் அண்மைக் காலத்தில் சேர்ந்த வசதிகள் பெரும்பாலும் இந்தத் தடைகளை உடைக்க வந்தவை. அவை எதைச் சாதித்தன, எதைத் தொடாமல் விட்டன என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அடித்தளம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய எடிக்ட் என்ற சொற்கோப்பு, பிறகு ஜேஎம்டிக்ட் என்ற விரிவான தரவுத்தளமாக வளர்ந்தது. ஜிஷோ இணைய அகராதி, ரிகைச்சான், யோமிச்சான் வழிவந்த உலாவி நீட்சிகள், எண்ணற்ற கைப்பேசிச் செயலிகள் எல்லாம் இதைக் கொண்டே இயங்குகின்றன. அதாவது, செயலிகள் வேறு வேறு; உள்ளே இருக்கும் அகராதி ஒன்றே. ஒரு பொருளை மூன்று செயலிகளில் பார்த்து உறுதி செய்துகொண்டதாக நினைப்பவர், ஒரே சாட்சியை மூன்று முறை விசாரித்திருக்கிறார்.

தேடும் வசதிகளில் குறை காண்பது கடினம். எழுத்தின் எந்தப் பகுதி கண்ணுக்குத் தெரிகிறதோ அதைத் தொட்டால் போதும், அப்பகுதி கொண்ட எழுத்துகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. திரையில் விரலால் எழுதிக் காட்டலாம். கேமராவைப் பெயர்ப்பலகை மேல் காட்டலாம். அடிப்படைக் கூறு எது என்று நிபுணர்களே வாதிட்ட எழுத்துகளுக்குக்கூட இப்போது சில நொடிகளில் விடை கிடைக்கிறது.

திரிந்த வினைவடிவிலிருந்து மூல வினையைக் கண்டுபிடிக்கும் வசதி இன்னும் பெரிய முன்னேற்றம். ஜப்பானியமும் தமிழைப் போல விகுதி மேல் விகுதி அடுக்கும் மொழி. ‘தபெசசெரரெனகத்த’ என்ற ஒரே சொல்லுக்குள் உண்ணுதல், செய்வித்தல், செயப்பாடு, எதிர்மறை, இறந்தகாலம் அனைத்தும் அடங்கியிருக்கின்றன. நிரல் ஒவ்வொரு விகுதியாக உரித்து, ‘தபெரு’ என்ற மூல வினையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனால் ‘தபெரரெரு’ என்று வந்தால்? உண்ண முடியும், உண்ணப்படும், மரியாதைக்குரியவர் உண்கிறார் என மூன்று பொருளும் அவ்வடிவுக்கு உண்டு. நிரல் சாத்தியங்களைச் சொல்லும். இந்த வாக்கியத்தில் எது என்று சொல்லாது. ஹிரகானா என்ற ஒலியெழுத்தில் ‘இத்த’ என்று எழுதியிருந்தால் அது ‘சென்றான்’ ஆகலாம், ‘சொன்னான்’ என்றும் ஆகலாம். சூழலைப் படித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுட்டியைச் சொல்மேல் வைத்ததும் பொருள் விரியும் வசதி, படிப்பின் ஓட்டத்தை அறுக்காமல் காப்பாற்றுகிறது. முன்பு ஒரு நாளிதழ்ப் பத்தியைக் கடக்க ஒரு மாலை முழுவதும் செலவிட்டவர்கள் இன்று முழுக் கட்டுரையைப் படிக்கிறார்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. இந்நிரல்கள் பொதுவாகச் சுட்டி நிற்கும் எழுத்திலிருந்து தொடங்கி, அகராதியில் உள்ள மிக நீண்ட பொருத்தத்தைத் தேடுகின்றன. ‘தோக்கியோ–தோ’ என்பது தோக்கியோ மாநகரைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல். அதன் இரண்டாம் எழுத்தில் சுட்டி நின்றால் பெட்டியில் கியோட்டோ நகரம் தோன்றும்! பழகியவர் சிரித்துவிட்டுக் கடப்பார், புதியவர் நம்பிவிடுவார். பொருள் தானாக வந்து நிற்கும்போது, சொல்லை நினைவில் வைக்கும் உழைப்பும் குறைந்துபோகிறது.

எடுத்துக்காட்டு வாக்கியங்களும், அடிக்கடி வழங்கும் சொற்களுக்கான அடையாளமும் கற்பவரைக் கவர்பவை. இவற்றின் பிறப்பிடத்தை அறிந்தால் நம்பிக்கைக்கு ஓர் அளவு வைக்கலாம். பேராசிரியர் யசுஹிதோ தனாகா தம் மாணவர்கள் ஒவ்வொருவரையும் 300 வாக்கிய இணைகளைத் திரட்டச் சொன்னார். அப்படிச் சேர்ந்த சுமார் 2 லட்சம் இணைகளே பல செயலிகளில் காணும் வாக்கியங்களின் ஊற்று. அவற்றில் ஒரே வாக்கியம் திரும்ப வருதல், எழுத்துப்பிழை, இயல்பற்ற ஆங்கிலம் ஆகியவை நிறைய இருந்தன. தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகக் களைந்துவருகிறார்கள். சரிபார்த்த வாக்கியத்துக்குத் தரவுக்குள் தனிக் குறியும் உண்டு. பல செயலிகள் அந்தக் குறியைப் பயனருக்குக் காட்டுவதில்லை. ‘வழக்கமான சொல்’ என்ற முத்திரைக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று மைனிச்சி நாளிதழின் சொற்கணக்கு. நாளிதழில் மிகுதியாக வரும் சொல், வீட்டுப் பேச்சிலும் அப்படி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

என் பெரிய புகார், ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஜப்பானியச் சொல் தரும் தேடலைப் பற்றியது. பார்ப்பதற்கு ஆங்கில–ஜப்பானிய அகராதி போல இருக்கும் இது, உண்மையில் ஜப்பானிய–ஆங்கிலப் பொருள்களைத் தலைகீழாகத் தேடும் பட்டியல்தான். ‘கிவ்’ என்று தேடினால் ‘அகெரு’, ‘குரெரு’ இரண்டுமே வரும். பிறருக்குக் கொடுப்பது முன்னது. எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ தருவது பின்னது. மாற்றிச் சொன்னால் வாக்கியமே குலைந்துவிடும். தா என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடு என்பது படர்க்கைக்கும் உரியது என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரித்துவைத்திருக்கிறது. அந்த மரபில் வந்த தமிழ் மாணவர் இந்த வேறுபாட்டை எளிதில் பிடித்துக்கொள்வார். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் வழியே போவதால் அந்த வாய்ப்பை இழக்கிறார்.

புதுப்பிக்கும் முறையில் மின்னகராதிக்குத் தெளிவான வெற்றி. புகழ்பெற்ற கென்க்யூஷா ஜப்பானிய–ஆங்கிலப் பேரகராதியின் 5ஆம் பதிப்பு 2003இல் வந்தது. சொற்றொடர்களின் வளத்திலும் வழக்கு நுட்பத்திலும் அதற்கு இணையில்லை. ஆனால் அச்சேறிய பதிப்பு அங்கேயே நிற்கும். ஜேஎம்டிக்டில் யாரும் திருத்தம் முன்மொழியலாம். பதிப்பாசிரியர்கள் ஆதாரம் பார்த்து ஏற்கிறார்கள். யார் எதை ஏன் மாற்றினார் என்ற வரலாறும் திறந்தே கிடக்கிறது. புதுச்சொல் பிறந்த சில நாளிலேயே அகராதிக்குள் வந்துவிட முடிகிறது. பல செயலிகள் பழைய நகலை வைத்துக்கொண்டு, தோற்றத்தை மட்டும் புதுப்பிப்பதுதான் குறை.

ஆகவே என் முடிவு இது. சொல்லைக் கண்டுபிடிக்கும் சிக்கலை இந்த வசதிகள் ஏறத்தாழத் தீர்த்துவிட்டன. பொருளைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலை அவை தீர்க்கவில்லை. வேகத்தால் அதை மறைக்கவும் செய்கின்றன. படிப்பதற்கு விரியும் பெட்டி போதும். எழுதும்போது அது போதாது: எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள், அடைப்புக்குறிக்குள் உள்ள வழக்குக் குறிப்பைத் தவறாமல் படியுங்கள், இயன்றவுடன் ஜப்பானிய–ஜப்பானிய அகராதிக்கு மாறுங்கள். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது வசதிகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல், உள்ளிருக்கும் தரவு எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள்.

ஜேஎம்டிக்ட் திட்டத்தில் ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், டச்சு எனப் பல மொழிகளின் பொருள்கள் ஏற்கெனவே இணைந்துள்ளன, தமிழ் இல்லை. மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர்ந்தால் தரவை யாரும் எடுத்தாளலாம். ஜப்பானியம் கற்ற தமிழர்கள் அடிப்படைச் சொற்களிலிருந்தாவது தமிழ்ப் பொருள் எழுதத் தொடங்க வேண்டும்.