ஈரப் பந்துக்கு ஓர் அணி

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில், மழைநாளுக்கு அணி பொறுக்கும் கலை எனக்குத் தனி ருசி. களத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பேர். வெயில் நாளில் நெட்டையான முன்கள வீரர் எகிறி, எதிராளியின் தோளில் முழங்கால் ஊன்றித் தலைக்கு மேலே பந்தைப் பிடிப்பார். பிடித்தால் யாரும் மறிக்காமல் உதைக்கலாம். மழையிலோ அந்த முட்டை வடிவத் தோல் பந்து, எண்ணெய் தேய்த்துவிட்ட குழந்தை மாதிரி, கையில் நிற்காது.

ஆகவே ஒரு நெட்டையரை உட்காரவைத்து, தரையில் சிதறும் பந்தைக் குனிந்து அள்ளும் குட்டையர் ஒருவரைச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் இடம் பறிபோவது, நடுவர் போடும் பந்துக்கு எகிறித் தட்டும் நெட்டையரான ரக்மேன்களில் இரண்டாமவருக்குத்தான், பாவம். அதற்காக நெட்டையர் எல்லாரையும் கழித்துவிடவும் கூடாது. எதிரணி பிடிக்கவிடாமல் பந்தைத் தட்டிக் கீழே இறக்க நீண்ட கை ஒன்றாவது வேண்டும். இதை மறக்கும் பயிற்சியாளரை நான் மதிப்பதில்லை.

பட்டியல் முன்கூட்டியே வெளியாகிவிடும். மெல்பர்ன் வானமோ ஒரே நாளில் நாலு பருவம் காட்டும். டாக்லேண்ட்ஸ் அரங்கில் கூரையை மூடிவிடலாம், மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் அது நடக்காது. அதனால் கடைசி நேர மாற்றத்துக்கென்று சிலர் தயாராகக் காத்திருப்பார்கள்.

ஜீலாங்கும் செயின்ட் கில்டாவும் மோதிய 2009 ஏ.எஃப்.எல். லீக் இறுதிப் போட்டி தூறலிலும் குளிரிலும் நடந்தது. கடைசிக் கால்பகுதியில் ஜீலாங்கின் மேத்யூ ஸ்கார்லெட் பந்தைக் கையால் எடுக்கப் பார்க்கவில்லை. கால்நுனியால் தட்டிக் கேரி ஆப்லெட்டிடம் சேர்த்தார். அங்கிருந்து பந்து முன்களம் போக, பால் சாப்மன் கோல் அடித்தார். ஜீலாங் 80, செயின்ட் கில்டா 68. இத்தனைக்கும் ஸ்கார்லெட் நெட்டையர் வகை.